நூற்று நாற்பத்தேழாவது டியூப்

படப்பை
9.6.2024

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் வ. கலைமதி. வயது முப்பத்திரண்டு. ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டுகள் செய்யும் கம்பெனியில் கடைசி செக்கிங்கில் வேலை செய்கிறேன். எனக்கு லூபஸ் என்கிற நோய் இருக்கிறது. இரண்டு வருடமாகச் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒருமுறை போய் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன்.

போன பிப்ரவரியில் அங்கே ஒரு நர்ஸம்மா, "பெங்களூர்ல ஆராய்ச்சி பண்றாங்கமா, ஒரு டியூப் ரத்தம் குடுக்கிறியா?" என்று கேட்டார். கொடுத்தேன். நாலு பக்கத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு நகல் கொடுத்தார்கள். அதில் இருந்த நம்பருக்கு மூன்று முறை போன் செய்தேன். எடுத்தவர் கன்னடத்தில் பேசினார், பிறகு இங்கிலீஷில் மெயில் போடச் சொன்னார். எனக்கு அது பழக்கமில்லை. முகவரி இருக்கிறதே என்று எழுதுகிறேன்.

"நோயாளியின் குருதியில் காணப்படும் தன்னெதிர்ப்புப் பொருள்களின் விவரத்தோற்றம் புரத நுண்வரிசை வாயிலாகக் கண்டறியப்படும்" என்று அந்தத் தாளில் எழுதியிருக்கிறது. நான் பன்னிரண்டாவது வரை தமிழில் படித்தவள். நாலு முறை படித்தும் விளங்கவில்லை. என் வீட்டுக்காரர் வசந்தகுமாரும் படித்துப் பார்த்துவிட்டு, "வக்கீலாண்ட குடுத்து கேக்கணும் போல கீது" என்றார். கடைசியில் நானே ஒரு அர்த்தம் செய்துகொண்டேன். என் ரத்தத்தில் என்னையே அடிக்கிற சமாச்சாரம் எதெது இருக்கிறது என்று பார்க்கிறீர்கள். சரிதானா?

சரி என்றால், என்ன பார்த்தீர்கள் என்று எனக்குச் சொல்ல வேண்டும். டியூபில் ஒட்டிய லேபிள் எல்-0147. நாள் முழுக்க லேபிள் நம்பர் பார்க்கிறவள் நான், எண் தப்பாது.

இப்போது கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு எட்டு வாரம். இதற்கு முன் ஒரு குழந்தை தங்கவில்லை.

இப்படிக்கு,
வ. கலைமதி


பெங்களூரு
19.6.2024

திருமதி வ. கலைமதி அவர்களுக்கு,

தங்கள் 9.6.2024 தேதியிட்ட கடிதம் கிடைத்தது. ஆய்வில் பங்கேற்றமைக்கு எங்கள் குழுவின் நன்றி.

இந்த ஆய்வு பல நூறு நோயாளிகளின் ரத்தத்தை ஒப்பிட்டுப் பொதுவான முடிவுகளை அறிவதற்கானது. தனிநபரின் நோயைக் கண்டறிவதற்கானது அல்ல. மாதிரிகள் எண்களாக மட்டுமே எங்களிடம் வருகின்றன. எந்த எண் யாருடையது என்று நாங்கள் பார்ப்பதில்லை. எனவே தனிப்பட்ட முடிவுகளைத் தெரிவிக்க இயலாது. இது தாங்கள் கையெழுத்திட்ட படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் குறிப்பிடப்பட்டுள்ளது.

பங்கேற்பாளர்களோடு நடக்கும் தொடர்பு எல்லாம் எழுத்து மூலமாகவே இருக்க வேண்டும், நகல் கோப்பில் சேர வேண்டும் என்பது விதி. வேறு ஐயங்கள் இருப்பின் இதே முகவரிக்கு எழுதவும்.

இப்படிக்கு,
சத்யப்பிரியா
திட்ட உதவியாளர்

(கையால் எழுதியது) உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். லூபஸ் டாக்டரிடம் கர்ப்பம் பற்றிச் சொல்லிவிட்டீர்களா?


படப்பை
30.6.2024

சத்யப்பிரியா மேடம் அவர்களுக்கு,

டைப் அடித்த கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடத்தான் தோன்றியது. கீழே பேனாவில் இரண்டு வரி இருந்ததால் கிழிக்கவில்லை. அந்த இரண்டு வரிக்குத்தான் இந்தப் பதில்.

இல்லை. சொல்லவில்லை. மே மாத ஓ.பி.க்கும் ஜூன் மாத ஓ.பி.க்கும் நான் போகவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டேன். டாக்டர் திட்டுவார் என்று பயம்.

நிறுத்தச் சொன்னது என் மாமியார். பெயர் பாப்பம்மாள். கெட்டவர் இல்லை, காலையில் நான் ஷிப்டுக்குப் போகுமுன் எனக்கு டிபன் கட்டிக் கொடுப்பவர். "கொயந்த வயித்துல கீது, இம்மாம் பெரிய மாத்திரைய முயுங்குவியா நீ? மொதல்ல அத நிறுத்து" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

போன முறை நடந்ததை எழுதுகிறேன். 2021 டிசம்பர். அப்போது எனக்கு லூபஸ் என்றே தெரியாது. மூட்டு வலி இருந்தது, நின்று வேலை செய்வதால் என்று நினைத்துக்கொண்டேன். இருபத்து மூன்றாவது வாரம் ஸ்கேன் எடுத்தவர் திரையைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "துடிப்பு அறுபதுதான் இருக்குதுமா" என்றார். நூற்று நாற்பது இருக்க வேண்டுமாம். பெரிய இடத்துக்குப் போங்கள் என்று எழுதிக் கொடுத்தார். போனோம். பத்து நாள்கூட ஆகவில்லை. ஆண் குழந்தை.

ஏன் என்று யாரும் சொல்லவில்லை. வீட்டில் மட்டும் ஒரு காரணம் இருந்தது. "ஓ.டி. பாக்காதனு எத்தினி வாட்டி சொன்னேன், கேட்டியா?" என்று அத்தை அழுதுகொண்டே கேட்டார். அந்த மாதம் நான் பதினொரு நாள் ஓ.டி. பார்த்தது உண்மை. ஷிப்ட் முடிந்தும் கூடுதல் நேரம் நின்றுகொண்டே வேலை. அதனால்தான் என்று நானும் நம்பிவிட்டேன். ஆறு மாதம் கழித்து முகத்தில் சிவந்து தடித்து, லூபஸ் என்றார்கள். அந்த டாக்டரிடம் போன குழந்தையைப் பற்றி நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

எண்களாகத்தான் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான்தான் எண்ணோடு பெயரையும் எழுதி அனுப்பிவிட்டேனே. இனிமேல் தெரியாது என்று எப்படிச் சொல்வீர்கள்?

கலைமதி


பெங்களூரு
5.7.2024

அன்புள்ள கலைமதி அக்காவுக்கு,

உங்களை அக்கா என்று கூப்பிடலாம் அல்லவா? எனக்கு இருபத்தாறு வயது. இந்தக் கடிதத்துக்கு நகல் எடுக்கவில்லை. ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன்.

முதலில் மாத்திரை. நான் டாக்டர் இல்லை, அதனால் ஆரம்பியுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் லீவு போட்டுவிட்டு உங்கள் டாக்டரிடம் போங்கள். நீங்கள் சாப்பிட்டுவந்த அந்த மாத்திரையை லூபஸ் உள்ள கர்ப்பிணிகள் நிறுத்தக் கூடாது, தொடர வேண்டும் என்றுதான் பெரும்பாலான டாக்டர்கள் சொல்கிறார்கள். அது குழந்தைக்கும் நல்லது செய்கிறது. அத்தையிடம் இதைச் சொல்லுங்கள். அவர் பயந்தது குழந்தைக்காகத்தானே, இதுவும் குழந்தைக்காகத்தான்.

இரண்டாவது. போன குழந்தையின் துடிப்பு குறைந்ததை, அறுபது என்ற எண்ணோடு, வாரத்தோடு, டாக்டரிடம் சொல்லுங்கள். ஸ்கேன் தாள் இருந்தால் எடுத்துப் போங்கள். சொல்லிவிட்டு, "ஆன்ட்டி-ரோ டெஸ்ட் எனக்கு எடுத்திருக்கிறதா?" என்று கேளுங்கள். எடுக்கவில்லை என்றால் எடுக்கச் சொல்லுங்கள். இது ஆஸ்பத்திரிகளில் சாதாரணமாக எடுக்கும் டெஸ்ட்தான். ஆராய்ச்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. லூபஸ் உள்ள எந்த அம்மாவுக்கும் யாரும் சொல்லக்கூடிய விஷயம்.

உங்கள் ஊர் எனக்குத் தெரியும். தண்டலத்தில் நாலு வருஷம் கல்லூரியில் படித்தேன். படப்பையில் இருந்த சிநேகிதி வீட்டுக்கு ஷேர் ஆட்டோவில் வந்திருக்கிறேன். இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. யாரோ ஒரு ஆபீஸ்காரி எழுதுகிறாள் என்று இதை நீங்கள் ஓரமாக வைத்துவிடக் கூடாது. அவ்வளவுதான்.

சத்யா


படப்பை
28.7.2024

சத்யா மேடம்,

போனேன். டாக்டர் சிவசங்கர் எதிர்பார்த்த அளவு திட்டவில்லை. போன குழந்தையின் ஸ்கேன் தாளைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஏம்மா, இத ரெண்டு வருஷமா சொல்லவே இல்லியே?" என்றார். "நீங்க கேக்கவே இல்லியே சார்" என்றேன். "ஆமா, கேட்டிருக்கணும்" என்றார். ஒரு டாக்டர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

மாத்திரையை அன்றைக்கே திரும்பத் தொடங்கியாயிற்று. டெஸ்ட் முடிவும் வந்தது. நீங்கள் சொன்ன அந்த ரோ என் ரத்தத்தில் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குள் போய் இதயத்தில் துடிப்பு ஓடுகிற பாதையைக் கெடுத்துவிடக் கூடியதாம். போன குழந்தைக்கு நடந்தது அநேகமாக இதுதான் என்றார். இந்த முறை பதினெட்டாவது வாரத்திலிருந்து இருபத்தாறு வரை வாரா வாரம் குழந்தையின் இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்ததும் வசந்தகுமார் டாக்டர் எழுதிக் கொடுத்ததை அத்தைக்குப் படித்து விளக்கினார். அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"அப்ப ஓ.டி.யால இல்லியா?"

"இல்லம்மா."

"நின்னுகினே வேல செஞ்சாளே, அதனாலயும் இல்லியா?"

"இல்லம்மா. அவ ரத்தத்துல கீற ஏதோ ஒண்ணு."

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப இவ ரத்தந்தான் அத தின்னுச்சா?"

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. புரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆனால் நான் பாத்ரூமில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஓ.டி.தான் காரணம் என்றால் ஓ.டி.யை விட்டுவிடலாம். விட்டேன். ரத்தத்தை எங்கே விடுவது?

இன்னொன்று கேட்க வேண்டும். லூபஸ் உள்ள கர்ப்பிணிக்கு நாலைந்து டெஸ்ட் வழக்கமாக எழுதுவோம் என்று டாக்டர் எல்லாவற்றையும் எழுதினார். எந்த அம்மாவுக்கும் யாரும் சொல்லக்கூடியது என்று எழுதிய நீங்கள் அதில் ஒன்றைத்தான் சொன்னீர்கள். சரியாக அது ஒன்றுதான் வந்திருக்கிறது. நான் செக்கிங்கில் இருக்கிறவள். எங்கே தப்பு இருக்கிறது என்று முன்னாடியே தெரிந்தவன் மட்டும்தான் நேராக அந்த வயரில் கை வைப்பான்.

உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

கலைமதி


பெங்களூரு
3.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தெரியும்.

உங்கள் முதல் கடிதத்தைப் பிரித்த நிமிஷமே தெரியும். எண்ணைத் தேடிப் பார்க்கக்கூடத் தேவையில்லை. எல்-0147 எனக்கு மனப்பாடம்.

ஏன் மனப்பாடம் என்று சொல்ல வேண்டும். எங்கள் வேலை இதுதான். விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றில் மனித உடம்பின் புரதங்களை ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னப் புள்ளிகளாக வைத்திருக்கும். ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரை அதன்மேல் விடுவோம். எந்தப் புரதத்தை அந்த ரத்தம் எதிரி என்று நினைக்கிறதோ, அந்தப் புள்ளியில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடம் ஸ்கேனரில் ஒளிரும். பெரும்பாலான துண்டுகள் மங்கலாக, கலங்கலாக வரும். உங்களுடையது அவ்வளவு சுத்தமாக வந்தது. ரோ புரதத்துக்கு உரிய இரண்டு புள்ளிகளும் மற்ற எல்லாவற்றையும் விடப் பளிச்சென்று இருந்தன. ஏப்ரலில் ஒரு கூட்டத்தில் எங்கள் முறை நன்றாக வேலை செய்கிறது என்று காட்ட அந்தப் படத்தைத்தான் திரையில் போட்டேன். எல்லோரும் பாராட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு உங்கள் கடிதம் வந்தது. எட்டு வாரம் என்று எழுதியிருந்தீர்கள்.

அன்றைக்கே எங்கள் தலைவர் டாக்டர் ரகுபதியிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. என் வேலை ஒப்பந்த வேலை, செப்டம்பரில் புதுப்பிக்க வேண்டும். எண்ணைப் பெயரோடு சேர்த்துப் பார்த்தது விதிமீறல். அதனால் பார்ப்பதில்லை என்று டைப் அடித்து அனுப்பினேன். அது பொய். உங்கள் இரண்டாம் கடிதம் வரும்வரை பதினைந்து நாளாக அந்தப் பொய்யோடுதான் இருந்தேன். பிறகும் உண்மையைச் சொல்லவில்லை, சுற்றி வளைத்து ஒரு டெஸ்டின் பெயரைச் சொன்னேன். அதை முதல் கடிதத்திலேயே, எந்த விதியையும் மீறாமல் சொல்லியிருக்கலாம்.

இப்போது அவரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். விளக்கம் எழுதி வாங்கியிருக்கிறார். நெறிமுறைக் குழுவில் வைப்பார்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். ரத்தத்தை எங்கும் விட முடியாது. ஆனால் உங்களைப் போல ரோ இருக்கிற அம்மாக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்குக் குழந்தையின் இதயத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. ஒருமுறை நடந்தவர்களுக்கு மறுபடியும் நடக்க வாய்ப்பு அதிகம், கிட்டத்தட்ட ஆறில் ஒன்று. மாத்திரையைத் தொடர்ந்தால் அது பாதியாகக் குறைகிறது என்கிறார்கள். மறைக்காமல் எழுதுகிறேன். இனி உங்களிடம் எதையும் மறைப்பதாக இல்லை.

சத்யா


படப்பை
11.8.2024

மேடம்,

படித்தேன். வசந்தகுமாரிடம்கூடக் காட்டவில்லை.

முன்பின் தெரியாத அத்தனை பேர் உட்கார்ந்து என் ரத்தத்தைத் திரையில் பார்த்திருக்கிறார்கள். கை தட்டியிருக்கிறார்கள். அதற்கு அடுத்த மாதந்தான் எனக்கு நாள் தள்ளிப்போனது. என் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு மட்டும் தெரியாது.

உங்கள் மேல் கம்ப்ளெயிண்ட் எதுவும் எழுதப் போவதில்லை, பயப்பட வேண்டாம். இனி எனக்கு எழுதவும் வேண்டாம்.

கலைமதி


பெங்களூரு
17.8.2024

அக்கா,

எழுத வேண்டாம் என்றீர்கள். இதற்குப் பதில் வேண்டாம்.

நாளை மறுநாள் பதினெட்டாவது வாரம் தொடங்குகிறது என்று கணக்குப் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு ஸ்கேனிலும் இரண்டு விஷயம் கேளுங்கள். துடிப்பு எத்தனை என்பது ஒன்று. இதயத்தின் மேல் அறையிலிருந்து கீழ் அறைக்குத் துடிப்பு போய்ச் சேர எத்தனை நேரம் ஆகிறது என்பது இன்னொன்று. அதை மில்லி செகண்டில் சொல்வார்கள். நூற்றைம்பதுக்குள் இருந்தால் நல்லது. எண்ணை அவர்கள் தாளில் எழுதுவார்கள், உங்களிடம் சொல்ல மாட்டார்கள். கேட்டு வாங்குங்கள். ஒரு வாரம் எண் கூடினால் உடனே பயந்துவிட வேண்டாம். ஆனால் அடுத்த வாரம் வரை காத்திருக்காமல் இரண்டு மூன்று நாளிலேயே மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

சத்யா


படப்பை
13.10.2024

சத்யா,

நாளையோடு இருபத்தாறு வாரம். நேற்று எட்டாவது சனிக்கிழமை ஸ்கேன் முடிந்தது. இனி வாரா வாரம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

எட்டு சனிக்கிழமை. என் லைனில் சூப்பர்வைசர் அன்பு, "என்னாமா, சனிக்கெயமையானா லீவு, வேற வேல பாத்துக்கினியா?" என்று இரண்டாவது வாரம் கேட்டார். நான் ஸ்கேன் தாளை அவர் மேசையில் வைத்து, "இதுதான் சார் அந்த வேல" என்றேன். பிறகு கேட்கவில்லை. வசந்தகுமார் தான் வேலை பார்க்கும் கிடங்கில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு என்னோடு வந்தார். மூன்றாவது வாரம் அவருக்கு மாற்ற ஆள் கிடைக்கவில்லை. "நான் வர்றேன்" என்று அத்தை புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். என் ரத்தத்தைப் பற்றி அன்றைக்குக் கேட்ட பிறகு அவர் என்னிடம் சரியாகப் பேசியே ஆறு வாரம் ஆகியிருந்தது.

அன்றைக்கு ஸ்கேன் ரூமில் அவரையும் உள்ளே விட்டார்கள். திரையில் சின்னதாக ஏதோ திறந்து மூடுவதைக் காட்டி, இதுதான் பாட்டி இதயம் என்றார் டாக்டரம்மா. அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எந்தச் சனிக்கிழமையும் வசந்தகுமார் வர வேண்டியிருக்கவில்லை.

நான் அந்த மில்லி செகண்ட் எண்ணைக் கேட்டேன். ஒவ்வொரு முறையும் கேட்டேன். 128, 131, 130. நான்காவது வாரம் 152.

டாக்டரம்மா ஒன்றும் சொல்லாமல் எழுதினார். நூற்றைம்பதைத் தாண்டிவிட்டதே என்றேன். திரும்பிப் பார்த்தார். "யார் சொன்னா உங்களுக்கு?" என்றார். எனக்குத் தெரிந்த ஒருவர் என்றேன். இரண்டு நாளில் திரும்பப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். அவரே அதைத்தான் சொல்ல இருந்ததாகச் சொன்னார். இருக்கலாம்.

அந்த இரண்டு நாள் எப்படிப் போனது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை லீவுக்கு ஈடாக ஞாயிறு வேலைக்குப் போனேன். லேபிள் பார்த்தேன். தப்பான பாகம் ஒன்றையும் விடவில்லை என்பது ஆச்சரியம்தான். திங்கட்கிழமை 144. வியாழன் 139. பிறகு ஏறவே இல்லை.

உங்கள் மேல் கோபம் போய்விட்டதா என்றால், முழுதும் போகவில்லை. ஆகஸ்ட் கடிதத்தைப் பிரிக்காமல் எறியத்தான் இருந்தேன். பிரித்தேன். பிரிக்காமல் விட்டிருந்தால் 152 என்பது எனக்கு வெறும் எண். பொய்யையும் எழுதியது நீங்கள்தான், இதையும் எழுதியது நீங்கள்தான். இரண்டையும் சேர்த்துத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

உங்கள் வேலை என்ன ஆனது?

கலைமதி


பெங்களூரு
21.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீசில் படிக்க முடியவில்லை. மாடிப்படியில் போய் உட்கார்ந்து படித்தேன். 152 என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். அடுத்த வரியைப் படிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

வேலை இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மட்டும் புதுப்பித்திருக்கிறார்கள். நோயாளிகளின் கோப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். டாக்டர் ரகுபதி கண்டிப்பானவர், ஆனால் குழுவில் அவர் பேசியது எனக்குச் சாதகமாகவும் இல்லை, பாதகமாகவும் இல்லை. "அந்தப் பெண் செய்தது தவறு. ஆனால் சரியாகச் செய்வதற்கு நாம் ஒரு வழியும் வைத்திருக்கவில்லை" என்றாராம். இனி உடனே சிகிச்சையோடு சம்பந்தப்பட்ட ஏதாவது தெரிந்தால், நோயாளி சம்மதித்திருந்தால், அவருடைய டாக்டருக்குத் தெரிவிப்பது, டாக்டர் ஆஸ்பத்திரியில் டெஸ்ட் எடுத்து உறுதி செய்துகொள்வது என்று முடிவாகியிருக்கிறது.

அதற்குப் புதுப் படிவம் தயாராகிறது. தமிழில் எழுதிய தாளை எனக்கு அனுப்பினார்கள். விவரத்தோற்றம், நுண்வரிசை எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. நோயாளி ஒருவரிடம் காட்டித் திருத்தலாமா என்று கேட்டேன். சரி என்றார்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. நேரமும் மனமும் இருந்தால் திருத்தித் தர முடியுமா? முடியாது என்றாலும் எனக்கு வருத்தமில்லை.

சத்யா


படப்பை
27.7.2025

அன்புள்ள சத்யாவுக்கு,

இனி உன்னை நீங்கள் என்று எழுதப் போவதில்லை. குழந்தை பிறந்தபோது போனில் இரண்டு நிமிஷம் பேசியதோடு சரி. ஒரே ரூம் வீடு, போனில் பேசினால் எல்லோர் காதிலும் விழும். அதனால் மறுபடி பேனா.

நான் திருத்தி அனுப்பிய படிவம் போய்ச் சேர்ந்தது, அப்படியே ஏற்றுக்கொண்டார்கள் என்று டாக்டர் சிவசங்கர் சொன்னார். நாலு பக்கத்தை ஒன்றரைப் பக்கம் ஆக்க எனக்கு டிசம்பர் முழுக்கத் தேவைப்பட்டது. "முடிவு தெரிந்தால் உங்களுக்குச் சொல்லலாமா, வேண்டாமா" என்ற கேள்வியைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் வரிக்குக் கொண்டுவந்தேன். வேண்டாம் என்று சொல்லவும் இடம் விட்டிருக்கிறேன். எல்லோருக்கும் தெரிந்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. நான் பாத்ரூமில் உட்கார்ந்த மாதிரி எல்லோராலும் உட்கார முடியாது.

குழந்தை ஜனவரி பதினொன்றாம் தேதி பிறந்தாள். பெயர் நிலமதி. பிறந்த அன்றே இ.சி.ஜி. எடுத்தார்கள், இதயம் சரியாக இருக்கிறது என்றார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மூன்றாவது வாரம் அத்தை வழக்கம்போல அவளைக் காலை வெயிலில் காட்டினார். இரண்டு நாளில் நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் வட்ட வட்டமாகச் சிவந்துவிட்டது. என் முகத்தில் வந்த அதே சிவப்பு. அத்தை தலையில் அடித்துக்கொண்டார். "நான்தான் வெயில்ல காட்டினேன், நான்தான் பண்ணிட்டேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதார். எனக்கு அதைக் கேட்கத் தாங்கவில்லை. "அத்த, நீங்க ஒண்ணும் பண்ணல. என்னாண்டேர்ந்து போனதுதான் அது. வெயிலு பட்டதால வெளிய தெரிஞ்சுது, அவ்ளோதான்" என்றேன். சொல்லும்போது என் குரல் நடுங்கவில்லை. எனக்கே அது பிறகுதான் உறைத்தது.

டாக்டர் பார்த்துவிட்டு, வெயிலில் காட்டாதீர்கள், அம்மாவிடமிருந்து வந்தது ஆறு எட்டு மாதத்தில் குழந்தையின் ரத்தத்திலிருந்து தானாகப் போய்விடும், அதோடு இதுவும் போய்விடும் என்றார். மே மாதம் மங்கியது. ஜூனில் கன்னத்தில் ஒரே ஒரு வட்டம். இப்போது அதுவும் இல்லை.

நேற்று அவளுடைய ரத்தப் பரிசோதனை முடிவு வாங்கப் போனோம். நான், அத்தை, குழந்தை. டாக்டர் சிவசங்கர் தாளைப் பார்த்துச் சிரித்தார். "சுத்தமா இல்ல பாட்டி. உங்க பேத்தி ரத்தத்துல ரோ இல்ல" என்றார்.

அத்தை கும்பிட்டார். எழுந்திருக்கவில்லை. "அப்ப இவளுக்கு?" என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

"இவங்களுக்கு இருக்கும்மா. அது போவாது. மாத்திர சாப்ட்டுகினு ஜாக்கிரதையா இருக்கணும்."

"எப்பவுமேவா?"

"ஆமாம்மா."

அத்தை எழுந்தார். பஸ் ஏறினோம். தாம்பரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தோம். கூட்டம், எனக்கு நடு சீட்டு. முதல் நாள் இரவெல்லாம் குழந்தை தூங்கவிடவில்லை, காலையில் மூட்டு வேறு பிடித்துக்கொண்டிருந்தது. முகத்தில் தெரிந்திருக்கும் போல. அத்தை கையை நீட்டிக் குழந்தையை என் மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டார். பிறகு என் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்தார்.

"தூங்கு. வூடு வந்தா எயுப்பறேன்."

இல்லை அத்தை, பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தது வரை ஞாபகம் இருக்கிறது. முடிச்சூர் வந்ததா, மணிமங்கலம் ரோடு வந்ததா, ஒன்றும் எனக்குத் தெரியாது.

அன்புடன்,
அக்கா